ரயில் வந்துடுச்சு, சரி. அதுக்காக வெள்ளிக்கிழமை வேனை நிறுத்தலாமா?



வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு, அன்னதானப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்து வச்சுட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுறோம். கொஞ்சம் நீளமாப் போகும். பொறுமையாப் படிங்க. படிச்சுட்டு, உடன்பாடு இல்லன்னாலும் சொல்லுங்க. ஆனா படிக்காம முடிவு பண்ணிடாதீங்க.

எந்தக் கோயில்னு பேர் போடல. சிங்கப்பூர்ல கிழக்குப் பக்கம் இருக்கிற நம்ம கோயில். நம்மவங்களுக்குத் தெரியும். மத்தவங்க உங்க கோயில்னே நெனச்சுப் படிங்க, தப்பில்ல. இது எல்லாக் கோயிலுக்கும் வரப்போற கேள்விதான்.

விஷயம் இதுதான். கடந்த மூணு வாரமா அன்னதான வரிசையில் ஒரே பேச்சு. "அதான் எம்ஆர்டி வந்துடுச்சே, இன்னும் வேன் எதுக்கு?" போன மாசம் நிர்வாகக் குழுக் கூட்டத்திலும் இதே பேச்சு வந்தது. நம்ம கோயில் வேனுக்கு அடுத்த வருஷம் சிஓஇ முடியுது. பத்து வருஷம் ஓடின வண்டி. புதுப்பிக்கணும்னா பெரிய தொகை. அந்த வகை வண்டிகளுக்கான சிஓஇ 2025-ல் அறுபதாயிரம் வெள்ளியைத் தாண்டி நின்னுச்சு. "அந்தப் பணத்தை அன்னதானத்துக்கு வச்சா எத்தனை பேர் சாப்பிடுவாங்க"ன்னு ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. கேட்டவர் கெட்டவர் இல்ல. இருபது வருஷமா இந்தக் கோயிலுக்கு உழைக்கிறவர். அதனாலதான் இதை அவசரமாப் பேசாம, யோசிச்சு எழுதுறோம்.

முதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடுறோம். நாங்க ரயிலுக்கு எதிரி இல்ல. ரயில் வரணும்னு நம்ம வட்டாரத்துல அதிகமா வேண்டிக்கிட்டது நாங்கதான்.

யோசிச்சுப் பாருங்க. சிங்கப்பூர்ல முதல் பெருவிரைவு ரயில் ஓடினது 1987 நவம்பர் 7-ஆம் தேதி. இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரைக்கும். அந்த வருஷம் பிறந்த பிள்ளைக்கு இப்போ கல்யாணமாகி, அதோட பிள்ளைக்கே காதுகுத்து வைக்கிற வயசு. மரின் பரேட், சிக்லாப் பக்கம் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதை வந்து சேர்ந்தது 2024 ஜூன் 23-ல். 37 வருஷம். அதுவரைக்கும் நம்ம பக்கத்து ஜனங்களுக்குப் பேருந்துதான். இல்லன்னா பேருந்து ஏறி பிடோக்கோ பாய லேபாரோ போய் ரயில் மாறணும். சிராங்கூன் ரோட்டுக்கு வீரமாகாளியம்மனைப் பார்க்கப் போகணும்னா அரை நாள் கணக்குப் போட்டுக் கிளம்புவோம்.

அந்த ரயிலைக் கட்டி முடிக்கிறதும் லேசுப்பட்ட காரியமா இருக்கல. மரின் பரேட் பேட்டையே கடலைத் தூர்த்து எழுப்பின நிலத்துல 1970களில் கட்டினது. நம்ம பாட்டிமாருங்க "இங்க நாங்க அலையில கால் நனைச்சிருக்கோம்"னு சொல்றது கதை இல்ல, நிஜம். அடியில களிமண், சேறு. அதுக்குள்ள சுரங்கம் தோண்டணும், மேல வண்டி ஓடணும், பக்கத்துல அடுக்குமாடி அசையக் கூடாது. 2016-ல் வேலை தொடங்கினாங்க. 2023-ல் முடியும்னாங்க. கொவிட் வந்து ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. அத்தனை வருஷமும் தகர வேலியும் தூசியும்தான். சாலையை இந்தப் பக்கம் ஒரு மாசம் திருப்புவாங்க, அந்தப் பக்கம் ஒரு மாசம் திருப்புவாங்க. ஒரு தடவை சுவாமி புறப்பாட்டு வழியையே நாம மாத்தினோம், ஞாபகம் இருக்கா? கடைக்காரங்க வியாபாரம் படுத்துச்சு. யாரும் பெருசா முணுமுணுக்கல. வரட்டும், நமக்குத்தானேன்னு பொறுத்துக்கிட்டோம்.

வந்தது. ஏழு நிலையம். தஞ்சோங் ரூ, காத்தோங் பார்க், தஞ்சோங் காத்தோங், மரின் பரேட், மரின் டெரஸ், சிக்லாப், பேஷோர். 10.8 கிலோமீட்டர். இதோட அந்தப் பாதையில மொத்தம் 27 நிலையம் ஓடுது. திறப்புக்கு ரெண்டு நாள் முன்ன பொதுமக்கள் பார்க்கட்டும்னு விட்டப்ப, நாங்க கொஞ்சம் பேர் கோயில் பாட்டிமாரை அழைச்சுக்கிட்டுப் போனோம். மின்படிக்கட்டுல இறங்க பயந்து, மின்தூக்கியில இறங்கி, கண்ணாடிக் கதவைத் தொட்டுப் பார்த்து, ஒரு பாட்டி கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நாங்க சிரிச்சோம். அவங்க சிரிக்கல.

பலனும் நாம கண்ணால பார்த்தது. உட்லண்ட்ஸ்ல இருந்து ஒரே ரயில், மாறாம இங்க வந்து இறங்கலாம். முன்னெல்லாம் வடக்குல இருந்து யாராவது நம்ம கோயிலுக்கு வந்தா "யார் வீட்டுக்கு வந்தீங்க?"ன்னு கேப்போம். இப்போ வெள்ளிக்கிழமைன்னா புதுசு புதுசா முகம். வேலை முடிஞ்சு ஷென்டன் வே-யில் இருந்து நேரா வர்ற பிள்ளைங்க, ஆபீஸ் பையோட, வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு மூச்சு வாங்க உள்ள ஓடி வருது. பார்க்கவே சந்தோஷமா இருக்கு.

ரயில் கோயிலுக்கு என்ன செய்யும்னு மத்த இடத்துலயும் பார்த்திருக்கோம். 2003-ல் வடக்கு-கிழக்குப் பாதை வந்ததும் ஃபேரர் பார்க்ல இறங்கினா சீனிவாசப் பெருமாள் கோயில் கூப்பிடு தூரம்னு ஆச்சு. தைப்பூசத்துக்குக் காவடி அங்கிருந்துதானே கிளம்புது. 2017-ல் டௌன்டவுன் பாதையில ஃபோர்ட் கேனிங் நிலையம் திறந்ததும் டேங்க் ரோடு முருகன் பக்கத்துல வந்துட்டார். 2022 நவம்பர்ல மேக்ஸ்வெல் நிலையம் திறந்தாங்க. மூணு மாசத்துல, 2023 பிப்ரவரி 12-ல், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மனுக்குக் கும்பாபிஷேகம். நாங்க ஒரு கூட்டமா ரயில்லதான் போனோம். அதனால ரயில் நல்லது. அதுல ரெண்டாவது பேச்சே இல்ல.

பிரச்சினை ரயில்ல இல்ல. ரயில் நிக்கிற இடத்துக்கும் கோயில் வாசலுக்கும் நடுவுல இருக்கு.

நம்ம நிலையத்துல இருந்து கோயிலுக்கு அறுநூறு மீட்டர் சொச்சம். கைபேசியில பார்த்தா ஒன்பது நிமிஷ நடைன்னு காட்டும். எங்கள்ல ஒருத்தர் நடந்தா ஏழு நிமிஷம். ரெண்டு வாரம் முன்ன நாங்க ஒரு காரியம் பண்ணினோம். வேன்ல வழக்கமா வர்ற ஒரு பாட்டியை, அவங்க சம்மதத்தோட, வீட்டுல இருந்து கோயில் வரைக்கும் ரயில்ல கூட்டிட்டு வந்தோம். அவங்களுக்கு எண்பத்தோரு வயசு. கைத்தடி உண்டு. முட்டி ஆபரேஷன் ஆனவங்க. மூளை எங்களைவிடத் தெளிவு.

புளோக்ல இருந்து நிலையத்துக்கு ஒரு சாலையைக் கடக்கணும். பச்சை விளக்கு விழுந்து நடுவுல போகும்போதே சிமிட்ட ஆரம்பிச்சுடுச்சு. கீழ இறங்க மின்தூக்கி. உள்ள சலுகை அட்டையைத் தட்டி, மறுபடி மின்தூக்கி. ரெண்டே நிலையம்தான். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான், நல்லா இருப்பான். இறங்கினா மறுபடி மின்தூக்கி, அதுக்கு நடைமேடையில பாதி தூரம் நடக்கணும். வெளிய வந்தா, மின்தூக்கி இருக்கிற வாசல் சாலைக்கு அந்தப் பக்கம், கோயிலுக்குப் போற வழி இந்தப் பக்கம். திரும்பவும் ஒரு சிக்னல். அப்புறம் அந்த அறுநூறு மீட்டர். பாதி தூரத்துக்கு மேல கூரை இல்ல. உட்கார பெஞ்சும் இல்ல. நடுவுல பேருந்து நிறுத்தத்துல ஒரு தடவை உட்கார்ந்தாங்க. நிலைய வாசல்ல இருந்து கோயில் வாசலுக்கு மட்டும் 24 நிமிஷம் ஆச்சு. கைபேசி சொன்ன ஒன்பது நிமிஷம் பாட்டிக்குச் சொன்ன கணக்கு இல்ல.

கோயில்ல வந்து உட்கார்ந்ததும் அவங்க சொன்னது ஒண்ணே ஒண்ணு. "வந்துட்டேன்யா. ஆனா திரும்பிப் போகணுமே, அதை நெனச்சா சாமி கும்பிட மனசு ஓடல."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுறோம்.

கூரை நடைபாதை பத்திச் சிலர் கேப்பீங்க. 2013-ல் அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டு வந்தது. பெருவிரைவு ரயில் நிலையத்துல இருந்து 400 மீட்டர் வட்டத்துக்குள்ள இருக்கிற பள்ளிக்கூடம், மருந்தகம் மாதிரி இடங்களுக்குக் கூரை போட்ட நடைபாதை. நல்ல திட்டம். நாடு முழுக்க மழையில நனையாம வீட்டுக்குப் போறோம்னா அதுவும் ஒரு காரணம். நம்ம கோயில் அந்த 400 மீட்டரைத் தாண்டி இருக்கு. அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது, எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும். ஆனா அந்தக் கோட்டுக்கு வெளிய நிக்கிறவங்களை யார் பார்த்துக்கிறது? கோடு முடியிற இடத்துல இருந்து நம்ம வேலை ஆரம்பிக்குதுன்னு நாங்க நெனைக்கிறோம்.

இப்போ எங்க தப்பையும் ஒத்துக்கிறோம். 2024-ல் ரயில் திறந்த குஷியில ஒரு சுவரொட்டி போட்டது யார்? நாங்கதான். "இனி கோயிலுக்கு ரயிலில் வாருங்கள்"னு பெருசா எழுதி, அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப்லயும் போட்டோம். அதுல வேனைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நாங்க அதை யோசிக்கவே இல்ல.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல வேன் பழுதாகி ஒரு மாசம் பட்டறையில கிடந்தது. திரும்பி வந்தப்ப, வழக்கமா ஏறுறவங்கள்ல நாலு பேர் கீழ வரல. முதல் வாரம், உடம்பு சரியில்லையோன்னு நெனச்சோம். ரெண்டாவது வாரமும் வரல. மூணாவது வாரம் ஒரு பாட்டி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினோம். வெள்ளிக்கிழமை சாயந்திரம். குளிச்சு, திருநீறு பூசி, வீட்டுச் சாமி அறையில விளக்கேத்தி உட்கார்ந்திருந்தாங்க. "ஏன் பாட்டி வரல?"ன்னு கேட்டோம். "ரயில் வந்துடுச்சு, இனிமே ரயில்லதான் வரணும்னு போட்டிருந்தீங்களே. வேன் இல்லன்னு நெனச்சேன். என்னால அவ்வளவு நடக்க முடியாது. உங்களை ஏன் தொந்தரவு பண்ணணும்?"

அவங்க கோபமாச் சொல்லல. புகாராவும் சொல்லல. அதான் எங்களுக்கு உறுத்துது. வர முடியாதவங்க சண்டை போட மாட்டாங்க. ஒரு நாள் வராம இருப்பாங்க, அப்புறம் அதுவே பழகிடும். நாமளும் "பாட்டியைக் காணோமே"ன்னு ரெண்டு வாரம் சொல்லுவோம், மூணாவது வாரம் அந்த நாற்காலியில வேற யாராவது உட்கார்ந்திருப்பாங்க. அந்த நாலு பேர்ல மூணு பேர் திரும்பி வந்துட்டாங்க. ஒருத்தர் இன்னைக்கு வரைக்கும் வரல.

கருத்துக் கணிப்பு எடுத்தோமேன்னு கேப்பீங்க. ஆமா, எடுத்தாங்க. தூண்ல கியூஆர் குறியீடு ஒட்டி, கைபேசியில பதில் சொல்லச் சொன்னாங்க. வந்த பதிலைப் பார்த்தா முக்கால்வாசிப் பேர் ரயில் இல்லன்னா சொந்த கார்னு இருந்தது. வேன்னு சொன்னவங்க ரொம்பக் குறைவு. ஏன்னா வேன்ல வர்றவங்க கையில இருக்கிற போன்ல பேசத்தான் முடியும், அதுவும் பேத்தி எண்ணைப் போட்டு வச்சிருந்தா. அந்தக் குறியீட்டைப் பார்த்து "இது என்ன கோலம்?"னு கேட்டவங்க இருக்காங்க. கணிப்பு பொய்னு சொல்லல. கேட்ட இடத்துல பதில் சொல்லக்கூடியவங்க மட்டும் இருந்தாங்கன்னு சொல்றோம்.

இன்னொண்ணு. ரயிலுக்கு ஒரு நேரம் உண்டு, கோயிலுக்கு வேற நேரம். மார்கழியில திருப்பள்ளியெழுச்சிக்கு நாம எத்தனை மணிக்குக் கூடுறோம்? முதல் ரயில் கிளம்புற நேரத்துல இங்க பாதி பூசை முடிஞ்சு பொங்கல் வெந்திருக்கும். சிவராத்திரிக்கு நாலு கால பூசை. நள்ளிரவுக்கு மேல ரயில் தூங்கப் போயிடும், நாம முழிச்சிருப்போம். விடியற்காலையில டாக்சி பிடிக்க எல்லார்கிட்டயும் காசு இருக்கா? பிரதோஷமோ சாயந்திரம் நாலரைக்கு மேல. முடிஞ்சு வெளிய வந்தா சரியா வேலை விட்டுக் கூட்டம் வர்ற நேரம். அந்த நெரிசல்ல கைத்தடியோட ஏறிப் பாருங்க, தெரியும்.

அரசாங்கமே இந்த விஷயத்துல ஒரு பாடம் கத்துக்கிட்டது. 2023 நவம்பர்ல, தாம்சன் பக்கம் ரயில் ஓட ஆரம்பிச்சதால 167 எண் பேருந்தை டிசம்பர் 10-ல் இருந்து நிறுத்தப்போறதா அறிவிச்சாங்க. செம்பவாங்கில இருந்து புக்கிட் மேரா வரைக்கும் போற பழைய பேருந்து. கணக்குப்படி பார்த்தா சரிதான், அதே வழியில கீழ ரயில் ஓடுது, மேல பேருந்து எதுக்கு? ஆனா மக்கள் எடுத்துச் சொன்னாங்க. வயசானவங்களுக்கு, நடக்கச் சிரமப்படுறவங்களுக்கு, வீட்டு வாசல்ல ஏறி ஆஸ்பத்திரி பக்கத்துல இறங்குற ஒரு பேருந்து எவ்வளவு பெரிய விஷயம்னு சொன்னாங்க. அப்புறம் முடிவை மாத்தி, அரை மணிக்கு ஒரு பேருந்துன்னு குறைச்சு, ஓட விட்டாங்க. முழுசா வச்சுக்கல, முழுசா எடுத்தும் போடல. கோடிக்கணக்குல செலவு பண்ணி ரயில் விட்டவங்களே அப்படி யோசிச்சா, பதினாலு பேர் உட்கார்ற ஒரு வேனுக்கு நாம கொஞ்சம் யோசிக்கக் கூடாதா?

சரி, வேனை அப்படியே வச்சுக்கணும்னு அடம் பிடிக்கிறோமா? இல்ல. வேன் இப்போ ஓடுற விதத்துலயும் தப்பு இருக்கு. சொல்லிடுறோம்.

வேன்ல ஏறுறவங்க எல்லாருக்கும் வேன் தேவை இல்ல. நல்லா நடக்கக்கூடியவங்க, காலையில பூங்காவுல வேகநடை போறவங்க கூட, "ஃப்ரீதானே"ன்னு ஏறிக்கிறாங்க. அவங்க இடம் பிடிக்கிறதால உண்மையா முடியாதவங்க "நெறஞ்சிருக்கு, அடுத்த தடவை வர்றேன்"னு ஒதுங்கிடுறாங்க. அன்பா கேட்டுக்கிறோம், கால் நல்லா இருக்கிறவங்க ரயிலுக்கு மாறுங்க. ரயில் உங்களுக்குத்தான் வந்திருக்கு. நீங்க ஏறாத ஒவ்வொரு இடமும் ஒரு பாட்டிக்கு.

நாங்க நிர்வாகக் குழு முன்னால வைக்கப்போற யோசனை இதுதான்.

ஒண்ணு. சிஓஇ-யைப் பத்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேணாம். அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். அதுக்குப் பாதித் தொகைதான். அதுக்கப்புறம் நீட்டிக்க முடியாது, தெரியும். ஆனா அஞ்சு வருஷத்துல நிலைமை என்னன்னு கண்ணால பார்த்துட்டு முடிவு பண்ணலாம். இந்த வண்டிக்காக உபயம் கொடுக்க ரெண்டு குடும்பம் ஏற்கெனவே முன்வந்திருக்காங்க. அன்னதான நிதியில ஒரு வெள்ளி கூடக் கை வைக்க வேண்டியதில்ல.

ரெண்டு. வேன் வழியை மாத்தணும். வெள்ளிக்கிழமை முதல் நடை, நடக்க முடியாதவங்களை மட்டும் புளோக் புளோக்கா போய் ஏத்திக்கிட்டு வரட்டும். பேர்ப்பட்டியல் நாங்க வச்சிருக்கோம். அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவுல ஓடட்டும். ரயில்ல வர்ற கர்ப்பிணிப் பெண்கள், கைக்குழந்தைக்காரங்க, முட்டிவலிக்காரங்க ஏறிக்கலாம். மார்கழி விடியற்காலையும் சிவராத்திரி இரவும் வேன் கண்டிப்பா வேணும், அந்த நேரத்துல ரயிலே இல்ல.

மூணு. ஆள். வண்டி மட்டும் போதாது. நிலைய வாசல்ல நம்ம பிள்ளைங்க ரெண்டு பேர் வெள்ளிக்கிழமை ஆறு மணியில இருந்து ஏழரை வரைக்கும் நிக்கணும். கையில குடை. பாட்டி வந்தா பையை வாங்கிக்கிட்டு, கையைப் பிடிச்சு, அவங்க நடைக்கு நம்ம நடையைக் குறைச்சு, கூடவே வரணும். திரும்பிப் போகும்போதும் மின்தூக்கி வரைக்கும் கொண்டு போய் விடணும். பெரிய பயிற்சி ஒண்ணும் வேணாம். பொறுமை வேணும். பாலர் வகுப்புல "தொண்டு"ன்னு சொல்லிக் கொடுக்கிறோமே, அதைக் காட்ட இதைவிட நல்ல இடம் எது?

நாலு. நேரம். குருக்களய்யாகிட்டப் பேசினோம். நித்திய பூசை நேரத்துல கை வைக்க முடியாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டார், சரிதான். ஆனா வெள்ளிக்கிழமை விசேஷ பூசையின் தீபாராதனையை ஏழு மணியில இருந்து ஏழரைக்குத் தள்ளலாம்னார். ரயில்ல ஓடி வர்ற வேலைக்காரப் பிள்ளைங்களுக்கு அந்த அரை மணி பெரிய உதவி. இப்போ அவங்க வந்து சேர்றப்ப திரை போட்டு முடிஞ்சிருக்கு, பிரசாதம் மட்டும் வாங்கிட்டுப் போறாங்க.

அஞ்சு. அந்த நடைபாதையில ரெண்டு பெஞ்சும், முடிஞ்சா கூரையும் கேட்டு நகர மன்றத்துக்கும் நம்ம நாடாளுமன்ற உறுப்பினருக்கும் கடிதம் கொடுப்போம். கோயிலுக்காக மட்டும் கேக்க வேணாம். அதே வழியில இருக்கிற பாலர் பள்ளிக்கும், பக்கத்துத் தேவாலயத்துக்குப் போற ஆன்ட்டிமாருக்கும், கோப்பிக்கடை அங்கிள்களுக்கும் சேர்த்துக் கேப்போம். எல்லாரும் அதே வெயில்லதான் நடக்கிறாங்க.

செலவு கணக்கு கேட்ட அண்ணனுக்கு ஒரு வார்த்தை. அண்ணே, நீங்க சொன்ன அன்னதானக் கணக்கு எங்களுக்கும் புரியுது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. இந்தக் கோயில் அன்னதானத்துக்கு முதல் அடுப்பு பத்த வச்சவங்க யாரு? இன்னைக்கு வேன்ல வர்ற இதே பாட்டிமாருதான். அப்போ அவங்களுக்கு முட்டி வலிக்கல. பேருந்துல அரிசி மூட்டையோட வந்து இறங்கினாங்க. வரிசையில சாப்பிட அவங்க வர முடியலன்னா, அந்தச் சாப்பாட்டை யாருக்குப் போடுறோம்?

இன்னும் நிறைய வரப்போகுது. இந்தப் பாதையே பிடோக் சவுத், சுங்கை பிடோக் வரைக்கும் நீளப்போகுது. அங்க டௌன்டவுன் பாதையும் வந்து சேரும். குறுக்குத் தீவுப் பாதையோட முதல் கட்டம் 2030-ல் வரும்னு சொல்லியிருக்காங்க, சாங்கி பக்கத்துல இருந்து ஹவ்காங், அங் மோ கியோ வழியா. உட்லண்ட்ஸ் நார்த்ல இருந்து ஜொகூருக்கு விரைவு ரயிலும் கட்டிக்கிட்டிருக்காங்க. அது ஓட ஆரம்பிச்சா, ஜொகூர்ல ஏறி, உட்லண்ட்ஸ்ல மாறி, நேரா நம்ம கோயிலுக்கே வந்துடலாம். அந்தந்தப் பக்கத்துக் கோயில்கள்ல இருக்கிற தொண்டூழிய நண்பர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றோம். ரயில் திறக்கிற அன்னைக்குச் சுவரொட்டி போடுங்க, சந்தோஷமாப் போடுங்க. ஆனா அதுக்கு முன்ன, உங்க கோயில்லயே மெதுவா நடக்கிற ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு நிலையத்துல இருந்து கோயில் வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்க. நீங்க மட்டும் நடந்து பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க. நாங்க பண்ணின தப்பு அதுதான்.

ரயில்ல வர்றவங்களுக்கு ரெண்டு சின்ன விஷயம், இதோட சொல்லிடுறோம். பிரசாதத்தை ரயில்ல பிரிச்சுச் சாப்பிடாதீங்க. சுண்டல் சூடா இருக்கும், பிள்ளை கேக்கும், தெரியும். ஆனா 500 வெள்ளி வரைக்கும் அபராதம் உண்டு, அம்மன் வந்து கட்ட மாட்டாங்க. பால், தேன் கொண்டு வர்றவங்க மூடி இறுக்கமா இருக்கான்னு பார்த்துக்குங்க. போன ஆடி வெள்ளிக்கு ஒருத்தர் பை முழுக்கப் பால்.

அடுத்த ஞாயிறு நிர்வாகக் குழுக் கூட்டம். முடிவு அவங்க கையில. அவங்க என்ன முடிவு பண்ணினாலும் வெள்ளிக்கிழமை நாங்க வழக்கம்போல வந்து பாத்திரம் கழுவுவோம். ஆனா முடிவு எடுக்கிறதுக்கு முன்ன, குழுவுல இருக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு தடவை இந்த வேன்ல ஏறி, புளோக் புளோக்கா போய்ப் பாருங்கன்னு கேட்டுக்கிறோம். சாயந்திரம் அஞ்சரைக்கே கீழ்த்தளத்துல, பிளாஸ்டிக் நாற்காலியில, பூப்பையை மடியில வச்சுக்கிட்டு, வண்டி வர்ற திசையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. வேன் ஆறு மணிக்குத்தான் வரும்னு அவங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அஞ்சரைக்கே இறங்கிடுவாங்க.

நிலைய வாசல்ல நிக்க ஆள் வேணும். வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி நேரம், மாசத்துக்கு ஒரு தடவை வந்தாலும் போதும். விருப்பம் இருக்கிறவங்க பூசை முடிஞ்சதும் அன்னதான மண்டபத்துல எங்களைப் பாருங்க. குடை நாங்க தர்றோம்.

இதைப் படிக்கிறவங்க யாராவது அந்தத் திரும்பி வராத பாட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரரா இருந்தா, அவங்ககிட்டச் சொல்லிடுங்க. வேன் இந்த வெள்ளிக்கிழமையும் வருது. அவங்க இடம் காலியாத்தான் இருக்கு.

அன்புடன்,
உங்கள் கோயில் தொண்டூழியர்கள்